முழுசா எடுத்தாச்சு

“முழுசா எடுத்தாச்சும்மா.”

2004 ஆகஸ்டில், சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி வராந்தாவில் அறுவை மருத்துவர் சொன்னது இது. பச்சை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். ஒன்பது மணி நேரம் நின்றதில் கண் இரண்டும் சிவந்திருந்தன. என் வீட்டுக்காரர் அவர் காலில் விழப் போனார். அவர் பதறி நகர்ந்துகொண்டார். கீழே போய்க் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வராந்தாவில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கொடுத்தேன். எட்டு வயது மகனின் மூளைக்குள் எலுமிச்சம்பழ அளவு இருந்த கட்டி போயே போய்விட்டது. புற்றும் இல்லை என்றார்கள். வேறென்ன வேண்டும்?

எட்டு மாதம் கழித்து அடுப்படிக் கதவுக்குப் பூட்டு வாங்கினேன். எங்கள் ஊர் திண்டுக்கல், பூட்டுக்குப் பஞ்சமில்லை. நல்ல கனமான மாங்காய்ப் பூட்டாக எடுத்துக் கொடுத்த கடைக்காரர், “ஏன் டீச்சர், வேலைக்காரம்மா கை நீளமோ?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் வேலைக்கு ஆளே கிடையாது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆபரேஷனுக்குப் போகும்போது பிள்ளை 23 கிலோ. அடுத்த ஆடிக்குள் 46. ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து போனால், அரிசி டிரம்மை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் மறுநாளைக்கு ஆட்டி வைத்திருந்த இட்லி மாவைக் கையால் வழித்துத் தின்றுகொண்டிருந்தான். அழுதுகொண்டே தின்றான். விக்கலும் மாவுமாக, “நிறுத்த முடியலம்மா” என்றான். அன்றைக்கு அவன் முதுகில் இரண்டு வைத்தேன். அந்தக் கணக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். எந்தச் சொல்லைக் கேட்டாலும் இது எந்த வருஷத்துச் சொல், யார் வாயில் பிறந்தது என்று தேடிப் போகிற புத்தி. ‘முழுசா எடுத்தாச்சு’ என்ற சொல்லையும் அப்படித்தான் தேடிப் போனேன். மருத்துவம் படித்த என் பழைய மாணவி ஒருத்தி கட்டுரைகளை அனுப்புவாள். அகராதியும் பென்சிலுமாக உட்கார்ந்து வாசிப்பேன். அந்த வாசிப்பே பல வருஷம் ஓடிவிட்டது.

என் மகனுக்கு வந்த கட்டியின் பெயர் கிரேனியோஃபாரிஞ்சியோமா. பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவர், இருவருக்கு வந்தால் அதிகம். இந்தப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்க மூளை அறுவை முன்னோடி ஹார்வி குஷிங், 1932-ல். கட்டியின் கதை அதற்கு முன்பே வியன்னாவில் தொடங்கிவிட்டது. 1901-ல் ஆல்ஃபிரட் ஃப்ரோலிக் என்ற இளம் மருத்துவர் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். தலைவலி, வாந்தி, மங்கிக்கொண்டே போகிற பார்வை, திடீரென்று ஊதிப்போன உடம்பு, பருவம் எட்டாத உறுப்புகள். கூடப்பிறந்தவன் போல என் மகனுக்கும் ஒவ்வொன்றும் பொருந்துகிறது. ஃப்ரோலிக் என்றால் ஜெர்மன் மொழியில் மகிழ்ச்சியான என்று அர்த்தமாம். அந்த வியாதிக்கே அவர் பெயரை வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பையனை 1907-ல் ஐசல்ஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் மூக்கு வழியாகப் போய் அறுத்தார். நீர்க்கட்டியைத் திறந்து வடித்துவிட்டார். அதற்குமேல் அங்கே கைவைக்க அந்தக் காலத்தில் வழியில்லை. பையன் பிழைத்தான், தேறினான். இந்த இடத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வியாதிக்கு ஊர் அறிய நடந்த முதல் அறுவைகளில் ஒன்று, முழுசா எடுக்காத அறுவை.

ஃப்ரோலிக் பழியைப் பிட்யூட்டரிச் சுரப்பியின் மேல் போட்டார். கட்டி அங்கேதானே உட்கார்ந்திருக்கிறது, உடம்பு ஊதியதும் அதனால்தான் என்றார். அதே வியன்னாவில் பிணங்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த யாக்கோப் எர்ட்ஹைம் 1904-ல் மறுத்தார். அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, இந்தக் கட்டி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார். கருவில் குழந்தை உருவாகும்போது வாயின் மேலண்ணத்திலிருந்து ஒரு சிறு பை மேலே ஏறிப்போய்ப் பிட்யூட்டரியின் ஒரு பாதியாகிறது. ஏறும் வழியில் சில துணுக்குகள் தங்கிவிடும். அவைதான் பின்னால் கட்டியாகின்றன. அதனால்தான் குழந்தைகளுக்கு வரும் இந்தக் கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பல் எனாமலை உண்டாக்கும் திசுவின் சாயல் தெரிகிறது. உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். நீர்க்கட்டியைத் திறந்தால் வண்டி எண்ணெய் மாதிரிக் கருத்த திரவம், அதில் மினுமினுக்கும் கொழுப்புத் துகள்கள். என் பிள்ளையின் பசியைக் கெடுத்தது வாயிலிருந்து தப்பிப்போன ஒரு துணுக்கு. இதை வாசித்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது எனக்குத் தெரியவில்லை.

எர்ட்ஹைமின் இரண்டாவது காரியம்தான் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பெரியது. உடம்பு ஊதுவதற்குக் காரணம் பிட்யூட்டரி இல்லை, அதற்கு மேலே மூளையின் அடிப்பகுதி நசுங்குவதுதான் என்றார் அவர். அந்த அடிப்பகுதிதான் ஹைப்போதலாமஸ். பாதாம் பருப்பு அளவு, நாலு கிராம் எடை. பசி, தாகம், தூக்கம், உடம்புச் சூடு எல்லாவற்றுக்கும் நாட்டாமை. 1904-லேயே விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டார் மனுஷன். நம்பத்தான் ஆளில்லை. பிட்யூட்டரிதான் அன்றைய மோஸ்தர். 1912-ல் குஷிங் எழுதிய பெரிய புத்தகமே பிட்யூட்டரியைப் பற்றியது. அதே வருஷம் வியன்னாவில் ஆஷ்னர், பிட்யூட்டரியை மட்டும் பழுதில்லாமல் எடுத்துவிட்டால் நாய்களின் வளர்ச்சி நின்றுபோகும், மேலே உள்ள மூளையைத் தொட்டால்தான் மற்ற கோளாறுகள் வரும் என்று காட்டினார். 1921-ல் குஷிங்கிடமே வேலை பார்த்த பெய்லியும் பிரெமரும், பிட்யூட்டரியைத் தொடாமல் ஹைப்போதலாமஸை மட்டும் குத்திக் கொழுப்பையும் ஓயாத சிறுநீரையும் வரவழைத்தார்கள். அப்படியும் வழக்கு முடியவில்லை.

முடித்து வைத்தவை எலிகள். 1940-ல் சிகாகோவில் ஹெதரிங்டனும் ரான்சனும் எலியின் ஹைப்போதலாமஸில் நடுவாக ஒரு பொட்டு இடத்தை மட்டும் மின்சாரத்தால் சுட்டார்கள். எலிகள் உருண்டையாகிவிட்டன. அடுத்து வருகிறவர் நம் நாட்டுக்காரர். லாகூரில் பிறந்த பால் கிருஷண் ஆனந்த், யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் ப்ரோபெக்குடன் சேர்ந்து 1951-ல் அதே ஹைப்போதலாமஸின் பக்கவாட்டில் சுட்டார். இந்த எலிகள் சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் தீனி குவிந்து கிடக்கப் பட்டினியில் செத்தன. பிற்பாடு டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைத் தொடங்கியவர் இந்த ஆனந்த்தான். ஓரிடம் பசிக்கு, ஓரிடம் திருப்திக்கு என்று அவர்கள் போட்ட கணக்கு அத்தனை எளிமையானதில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்திவிட்டார்கள். ஆனாலும் ஒன்று நிலைத்துவிட்டது: தின்பதும் நிறுத்துவதும் மன உறுதி மட்டும் இல்லை, அதற்கு மூளைக்குள் இடம் இருக்கிறது.

நடுவில் ஒரு கிளைக்கதை உண்டு. 1920, 30-களில் குண்டுப் பையன்கள் எல்லோருக்கும் ‘ஃப்ரோலிக் வியாதி’ என்று சீட்டு எழுதிச் சுரப்பி மருந்து கொடுக்கிற பழக்கம் பரவியது. நியூயார்க்கில் ஹில்டே ப்ரூக் என்ற குழந்தை மருத்துவர், இவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பியில் ஒன்றுமில்லை என்று நிரூபித்தார். ஃப்ரோலிக்கின் பழைய கட்டுரையை 1939-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவரே. அதுவரை சரி. அடுத்த வருஷம் குண்டுக் குழந்தைகளின் குடும்பங்களைப் பற்றி எழுதினார். பார்வை தாய்மேல் திரும்பியது. தாய் ஊட்டி ஊட்டிக் கெடுக்கிறாள், அன்புக்குப் பதிலாகச் சோறு போடுகிறாள் என்கிற பேச்சு அன்றிலிருந்து கொடிகட்டிப் பறந்தது. ப்ரூக் சொன்னது அவர் பார்த்த குழந்தைகளுக்குப் பொருந்தியிருக்கலாம். உண்மையிலேயே கட்டி வந்த ஒரு கைப்பிடிப் பிள்ளைகளின் தாய்களும் அந்தப் பேச்சில் சேர்த்து மாட்டிக்கொண்டோம். எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, “பையன் ஆசைப்படுறான்னு பிரியாணியா வாங்கிக் குடுக்கறீங்களா? கொஞ்சம் வாயைக் கட்டச் சொல்லுங்க” என்றார். திண்டுக்கல்லில் பிரியாணி வாசம் இல்லாத தெரு வழியாக ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமானால் ஊரைச் சுற்றித்தான் போகவேண்டும். நாங்கள் சுற்றித்தான் போனோம், தினமும் இருபது நிமிஷம் கூடுதலாக.

‘முழுசா’ என்ற சொல் எங்கே பிறந்தது என்றுதானே தேடினேன். அது அறுவைக் கத்தியில் பிறக்கவில்லை, ஒரு மருந்துப் புட்டியில் பிறந்தது.

குஷிங் காலத்தில் இந்தக் கட்டியைத் தொட எல்லோருக்கும் பயம். மண்டைக்குள் இருக்கும் கட்டிகளிலேயே மருத்துவனை அதிகம் மிரட்டுவது என்று அவரே எழுதியிருக்கிறார். கட்டியை எடுத்தால் பிட்யூட்டரியும் போகும். பிட்யூட்டரி போனால் அட்ரீனல் சுரப்பிக்கு உத்தரவு போகாது. அறுவை நன்றாக முடிந்த நோயாளி இரண்டாம் நாள் ரத்த அழுத்தம் இறங்கிச் செத்துப்போவார். 1948-ல் மேயோ மருத்துவமனையில் முதன்முதலாக முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் போட்டார்கள். 1950-ல் அதற்கு நோபல் பரிசு. 1952-லேயே பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் இன்கிரகாமும் மேட்சனும், இந்தக் கட்டியை அறுக்கும்போது கார்ட்டிசோனைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார்கள். பூட்டு திறந்துகொண்டது. அடுத்த பதினைந்து வருஷம் மேட்சனும் சுரப்பி மருத்துவர் கிரிக்ளரும் குழந்தைகளுக்கு இந்தக் கட்டியை முழுசாக எடுக்க முடியும், எடுக்கவும் வேண்டும் என்று செய்து காட்டினார்கள். 1969-ல் வந்த அவர்களின் கட்டுரை ஒரு தலைமுறைக்கே வேதமானது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முன்பு செத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அவர்கள் பிழைக்க வைத்தார்கள். மிச்சம் வைத்தால் கட்டி திரும்ப வளரும், இரண்டாவது அறுவை முதலாவதைவிட ஆபத்து என்பதும் நிஜம். ஆனால் அப்போதே வேறொரு வழியும் இருந்தது. 1961-ல் லண்டனில் கிராமர், மெக்கிசாக், கன்கேனன் மூவரும், கொஞ்சமாக எடுத்துவிட்டு மீதிக்குக் கதிர் வைத்தாலே போதும் என்று எழுதினார்கள். கதிர்வீச்சும் லேசுப்பட்டதில்லை, சின்னப் பிள்ளைகளின் அறிவையும் ரத்தக் குழாயையும் பின்னால் பதம் பார்க்கும். அதனால் இரண்டு கட்சியாகப் பிரிந்து நாற்பது வருஷம் வாதாடினார்கள். மைக்ராஸ்கோப் வந்தது, சி.டி. வந்தது, எம்.ஆர்.ஐ. வந்தது, ஒவ்வொன்றும் ‘முழுசா’ கட்சிக்கே பலம் சேர்த்தது. ஸ்கேனில் மிச்சம் இல்லை என்றால் ஜெயம். பிள்ளை வீட்டுக்குப் போனபின் அடுப்படியில் என்ன நடக்கிறது என்பது எந்த ஸ்கேனிலும் விழாது.

தண்ணீர்க் கதையையும் சொல்லியாக வேண்டும். ஹைப்போதலாமஸில் சுரந்து பிட்யூட்டரி வழியாக வரும் ஒரு ஹார்மோன்தான் சிறுநீரகத்துக்கு ‘நீரைப் பிடித்து வை’ என்று சொல்கிறது. அது போனால் குடிப்பதெல்லாம் அப்படியே இறங்கிவிடும். 1913-ல் ஃபான் டென் வெல்டன், ஃபரினி என்ற இருவர், தனித்தனியாக, பிட்யூட்டரியின் பின்பாதிச் சாற்றை ஊசியில் போட்டால் இது நிற்கிறது என்று கண்டார்கள். பிறகு மாட்டுப் பிட்யூட்டரியைக் காயவைத்துப் பொடித்து மூக்கில் உறிஞ்சக் கொடுத்தார்கள். மூக்குப்பொடிதான்! எங்கள் தாத்தா மடியில் செருகியிருந்த பட்டணம் பொடி மட்டையை நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு வாய்த்தது அதன் பேரப்பிள்ளை, 1960-களில் பிராக் நகரத்து வேதியியலாளர்கள் செய்த டெஸ்மோபிரசின். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முதல் வருஷம் குடித்த தண்ணீரையும் போன நீரையும் கோடு போட்ட பிளாஸ்டிக் மக்கில் அளந்து நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். ஒரு தீபாவளிக்கு விருந்தாளிகள் மும்முரத்தில் கணக்கு தவறி, மாத்திரையும் போட்டு நீரும் மோரும் அதிகமாகக் குடித்துவிட்டான். சோடியம் 118-க்கு இறங்கி வலிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தீபாவளியில் முறுக்கு மாவைவிட நோட்டுக்குத்தான் மரியாதை.

பாரிஸ் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள்தான் கடைசியில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். சேன்ட்-ரோஸ், புஜே ஆகியோர் 1985-லிருந்து 2002 வரை தங்களிடம் வந்த 66 பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டி போனதா என்பதோடு நிற்காமல், பிள்ளை எப்படி வாழ்கிறான் என்றும் கேட்டார்கள். பின்பு கட்டியை மூன்று தரமாகப் பிரித்தார்கள்: ஹைப்போதலாமஸைத் தொடாதது, அதைத் தள்ளிக்கொண்டு நிற்பது, அதன் உள்ளே புகுந்துவிட்டது. மூன்றாவது வகையில் முழுசாக எடுக்கக்கூடாது. ஹைப்போதலாமஸை ஒட்டியதை விட்டுவிட்டுக் கதிர் வைக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். கட்டுரை 2007-ல் வந்தது. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரத்து ஹெர்மன் முல்லரும் அவர் கூட்டாளிகளும் நாடு முழுக்கப் பிள்ளைகளைப் பதிவுசெய்து பின்தொடர்ந்து, ஹைப்போதலாமஸின் பின்பாதி அடிபட்டவர்களுக்குத்தான் பருமன் கடுமை என்று காட்டினார்கள். இந்தக் கட்டியிலிருந்து மீண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தப் பருமனைச் சுமக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் வயதொத்தவர்களைவிட அதிகம் தின்பதுகூட இல்லை. உடம்பு செலவழிப்பதைக் குறைத்துக்கொண்டு, இன்சுலினைக் கூட்டிக்கொண்டு, வருவதையெல்லாம் சேர்த்து வைக்கிறது. பூட்டால் ஏன் எடை இறங்கவில்லை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

2007-க்கும் 2004-க்கும் மூன்று வருஷம். வரலாறு நடத்தியவளுக்கு இந்த மாதிரி மூன்று வருஷங்கள் பழக்கம்தான். என் மகனை அறுத்தவர், அவர் படித்த புத்தகம் சொன்னதை நேர்மையாகச் செய்தார். எனக்கு ஆறாத ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட ஹைப்போதலாமஸ் என்ற வார்த்தையை எங்களிடம் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் ‘கட்டி முழுமையாக அகற்றப்பட்டது’ என்று இருந்தது. கூடப் போனது எது என்று இல்லை.

இப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது, 121 கிலோ. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கடைக்காரர் நல்ல மனுஷர். மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டால் எழுப்ப மாட்டார். சட்டைப் பையில் ஹைட்ரோகார்ட்டிசோன், காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாகப் போடு என்று எழுதிய அட்டை. அடுப்படிப் பூட்டுச் சாவி என் தாலிக்கொடியில்தான் இன்னும் கிடக்கிறது. பூட்டச் சொல்லி ராத்திரி அவனே ஞாபகப்படுத்துவான். பூட்டியிருந்தால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறதாம். செட்மெலனோடைட் என்று ஓர் ஊசி, மூளையில் பசியை அடக்கும் வாசலையே தட்டுவது, 2025-ல் வந்த பெரிய சோதனையில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நன்றாக எடை குறைத்திருக்கிறது என்று மாணவி அனுப்பியிருந்தாள். விலை நம் கைக்கு எட்டாது. போட்டால் தோல் கருக்கும் என்று படித்ததும், “இனிமே கருக்க என்னம்மா இருக்கு?” என்று சிரித்தான்.

போன மாசம் வழக்கமான எம்.ஆர்.ஐ. இந்த முறை ரிப்போர்ட் எழுதியவர் இளம் டாக்டர், சின்னப் பெண். “கட்டி எதுவும் திரும்பலம்மா, சுத்தமா இருக்கு” என்றாள். ஹைப்போதலாமஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். படத்தைத் திரும்பப் போட்டு, பெரிதாக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். “இதையும் ரிப்போர்ட்ல எழுதணுமா அம்மா?” எழுதுங்கள் என்றேன். கடைசி வரியாகச் சேர்த்தாள்: ஹைப்போதலாமஸ் இருபுறமும் காணப்படவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“அப்ப, இதாம்மா?”

“இதுதான்டா.”

வடமதுரை தாண்டுகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது கையில் அந்தத் தாள், மூன்று ஜெராக்ஸ்.

“எதுக்குடா மூணு?”

“ஒண்ணு என் பைக்குள்ள இருக்கட்டும். ஒண்ணு பீரோவுல வைங்க.” மூன்றாவதை மடித்துக் கவருக்குள் போட்டுக்கொண்டிருந்தான். “இது பி.டி. சாருக்கு.”

ஆறாம் வகுப்பில் வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, ‘தின்னிப் பண்டாரம்’ என்று எல்லோர் முன்னாலும் கூப்பிட்டவர்.

“அவர் ரிட்டயர் ஆகி எத்தனை வருஷமாச்சு. எங்க இருக்காரோ.”

“வீடு தெரியும்மா” என்று கவரை எச்சில் தொட்டு ஒட்டினான்.